எண்ணை மட்டும் மாற்றினேன்

முப்பத்தாறு வயதில், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் படித்து வாங்கிய வேலை அது. கணினியில் வரைபடம் போடுவது. சேர்ந்த மூன்றாவது வாரம், இரும்பு அலமாரித் தட்டின் நீளத்தை 850 மில்லிமீட்டரிலிருந்து 900 ஆக மாற்றச் சொன்னார் முதலாளி. கோட்டை நீட்டினால் துளைகளையும் இடம் மாற்றி வரைய வேண்டும். சாப்பாட்டு நேரம் வேறு. அளவு எண்ணை மட்டும் அழித்துவிட்டு 900 என்று அடித்து வைத்தேன். கோடு பழைய நீளத்திலேயே கிடந்தது. சோம்பேறித்தனத்துக்கு அவசரம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

வெட்டும் இயந்திரம் எண்ணைப் படிக்காது, கோட்டைத்தான் பின்பற்றும். தெரியாது என்று நான் சொன்னால் பொய். வகுப்பில் முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள்.

நாற்பது தட்டுகளும் குட்டையாக வந்தன. முதலாளி மெஷின்காரரைப் பட்டறை நடுவில் நிறுத்தி, "பழைய ஃபைலப் போட்டு வெட்டிருக்க! கண்ண எங்கய்யா வச்சிருந்த?" என்று கத்தினார். மெஷின்காரர் எல்லோருக்கும் அண்ணன், இருபது வருட அனுபவம். நான் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் வாயே திறக்காமல் நின்றேன்.

சாயங்காலம் அவரே கையைத் துடைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"உங்க டிராயிங்ல 900னு சரியாத்தாம்மா இருக்கு. நான்தான் பழசைப் போட்டுட்டேன் போல. உங்க உழைப்பையும் வீணாக்கிட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க."

"பரவாயில்லண்ணே," என்றேன். "இனிமே பாத்துப் போடுங்க."