முழங்கை அளவு

என் மாமனார் ஹோட்டல்களுக்கு அடுக்களை செய்து கொடுப்பவர். அடுக்களை என்றால் சுவரும் கூரையும் இல்லை, அதற்குள் நிற்கிற சகலமும். அடுப்பு, தோசைக்கல் மேடை, காய் நறுக்கும் மேசை, பாத்திரம் கழுவும் தொட்டி, தலைக்கு மேலே புகை போகிற கூண்டு. எல்லாவற்றையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டில் வெட்டி, மடக்கி, வெல்டிங் வைத்து, முகம் பார்த்துத் தலை வாருகிற அளவுக்குத் தேய்த்துக் கொடுப்பார். தொண்ணூறுகளின் நடுவில் நான் கல்யாணமாகி நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் வந்தபோது, கரமனையில் முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் வீடு. பெண் பார்க்க வந்த அன்று, நான் பி.காம். என்றதும் எல்லோர் முகத்திலும் வந்த மகிழ்ச்சியை என் அழகுக்கு வந்ததாக நினைத்துவிட்டேன். கொட்டேஷன் எழுத ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள் என்பது மறுவீடு முடிந்த மறுநாள் தெரிந்தது.

மாமாவுக்கு ஒரு கொள்கை இருந்தது. அறையை யார் வேண்டுமானாலும் அளக்கலாம், அடுக்களைக்கு அளக்க வேண்டியது சமைக்கிற ஆளை. ஆர்டர் கொடுக்க வருகிற முதலாளியிடம் அவர் முதலில் கேட்பது அட்வான்ஸ் இல்லை, சமையல்காரரை அனுப்புங்கள் என்பதுதான். சமையல்காரரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பவுடர் எல்லாம் போட்டுக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போகிற மாதிரி வந்து நிற்பார். செருப்பைக் கழற்றச் சொல்லி, சுவரோடு நிமிர்ந்து நிற்க வைத்து, கையை மடக்கச் சொல்லித் தரையிலிருந்து முழங்கை வரை அளப்பார் மாமா. அதற்கு ஒரு சாண் கீழே மேசை. குனிந்து நின்று சமைக்கிறவனுக்கு மத்தியானத்துக்குள் கோபம் வந்துவிடும், கோபத்தில் போடுகிற உப்பு கணக்காக இருக்காது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஊரில் பாதி ஹோட்டல்களின் சாம்பார் தன்னால்தான் சாம்பாராக இருக்கிறது என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

இப்பேர்ப்பட்டவரின் வீட்டு அடுக்களையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே ஒரு சிமெண்ட் மேடை. கட்டியபோது அது சரியான உயரத்தில்தான் இருந்திருக்கிறது. பிறகு ஒரு மழைக்காலத்தில் ரோட்டுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது என்று தரையை உயர்த்தினார்கள். மறுபடி ரோட்டை உயர்த்தினார்கள், மறுபடி தரையையும் உயர்த்தினார்கள். மேடையை உயர்த்த வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, தண்ணீர் அதுவரை ஏறவில்லையே. நான் வந்தபோது மேடை என் தொடைக்கு இருந்தது. அதில்தான் என் மாமியார் வீட்டுக்கும் பட்டறை ஆட்களுக்கும் சேர்த்து மூன்று வேளையும் சமைத்துக்கொண்டிருந்தார்.

அத்தை நல்ல உயரம். கல்யாணத்தன்று எனக்கு மாலையைச் சரிசெய்ய வந்தபோது அண்ணாந்துதான் முகத்தைப் பார்த்தேன். அந்த உயரத்தை மடித்து அந்த மேடைமேல் கவிழ்ந்து அவர் தேங்காய் அரைத்ததையும் மீன் கழுவியதையும் பார்த்தால் நமக்கே இடுப்பு வலிக்கும். ராத்திரி தைலம் தேய்ப்பது என் வேலை. வலிக்கிறது என்று அவர் சொன்னதில்லை, இன்னும் கொஞ்சம் கீழே என்று மட்டும் சொல்வார். பட்டுப்புடவை, வளையல், குருவாயூர் யாத்திரை என்று எதுவும் கேட்காத அந்த மனுஷி கேட்டது ஒன்றே ஒன்று. நிமிர்ந்து நின்று சமைக்க ஒரு மேடை. பட்டறைக்கும் அடுக்களைக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு கதவு.

இந்த ஆர்டர் முடியட்டும் என்பார் மாமா. அவர் பொய் சொல்லவில்லை. அந்த ஆர்டர் முடியும், அதற்குள் அடுத்தது வந்திருக்கும். ஒருநாள் யாரோ ஒரு சமையல்காரரை அளந்துகொண்டிருந்தபோது அத்தை சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் சுவரோரமாகவே நின்றார். எதற்காக நிற்கிறார் என்று எனக்குப் புரிந்தது. வெளிச்சம் மறைக்கிறது, கொஞ்சம் தள்ளி நில் என்றார் மாமா. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கே லெட்டர்பேடில் அத்தை பேருக்கு ஒரு கொட்டேஷன் எழுதி மாமாவின் மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடி போட்டுக் கவனமாகப் படித்துவிட்டு, அளவு எழுதாமல் எப்படி விலை போட்டாய் என்று என்னைத் திருத்தினார். என் கணவர் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றாமலே சிரித்தார். அந்தக் கண்ணாடி அவருக்குப் பல விஷயங்களில் உதவியாக இருந்தது.

வருஷங்கள் போயின. பட்டறைக்குக் கம்ப்யூட்டர் வந்தது, எனக்குப் பிள்ளைகள் வந்தார்கள். மேடை மட்டும் அங்கேயே இருந்தது. இடையில் எப்போதோ, அத்தையோடு பேசும்போது நான் அண்ணாந்து பார்ப்பதில்லை என்று கவனித்தேன். கண்ணுக்குக் கண் நேராக இருந்தது. குதி உயர்ந்த செருப்பு போட ஆரம்பித்ததால் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குள் நான் செருப்பு போடுவதில்லை என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

அப்போதுதான் தம்பானூர் ஹோட்டல் ஆர்டர் வந்தது. துபாயிலிருந்து திரும்பிய ஒரு மலையாளி முதலாளி, மாமாவின் கொள்கையைக் கேள்விப்பட்டு, சொல்லாமலே சமையல்காரரைக் கையோடு கூட்டிவந்துவிட்டார். அந்த ஆள் பட்டறை வாசலில் நுழையும்போதே நிலையில் தலை இடித்தது. மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இத்தனை வருஷமும் சராசரி மனிதர்களையே அளந்து அலுத்துப்போயிருந்தவருக்குக் கடைசியில் திறமையைக் காட்ட ஒரு உடம்பு கிடைத்துவிட்டது. சந்தேகம் எதுவும் இல்லாமலே அவரை இரண்டு தடவை அளந்தார்.

செய்து முடித்த அடுக்களை பிரமாதமாக இருந்தது, அதை நான் மறுக்க மாட்டேன். அந்த மேசை ஓரத்தில் நின்றால் எனக்கு நெஞ்சு வரை வரும். திறப்புவிழா அன்று அந்த நெட்டை மனிதர் முதுகு வளையாமல் நின்று வரிசையாகத் தோசை வார்த்ததைப் பார்த்து மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், அந்த ஆள் இத்தனை காலம் எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அத்தையும் ஆட்டோவில் கூடத்தான் இருந்தார். ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த ஓணத்துக்கு முன்னால் சமையல்காரர் மஸ்கட்டுக்கு விசா கிடைத்துப் போய்விட்டார். புதிதாக வந்தவர் மார்த்தாண்டத்துக்காரர், கைப்பக்குவம் போனவரைவிட மேல், உயரம் அவர் தோள்மட்டம்கூட இல்லை. பலகை போட்டு அதன்மேல் நின்று சமைத்தார். ஒருநாள் பலகை வழுக்கி விழுந்ததில் சாம்பார் கரண்டி மட்டும் தப்பித்தது. முதலாளி பட்டறைக்கு வந்து உட்கார்ந்தார்.

"ஆள் போயாச்சு மேஸ்திரி. இனி மேசைக் காலைக் கொஞ்சம் முறிச்சுத் தந்தா மதி, அது போதும்."

"ஆள மாத்துனது நீங்க. அதுக்கு நான் எதுக்கு மேசைய வெட்டணும்?" என்றார் மாமா.

முதலாளியும் முயற்சி செய்து பார்த்தார். சமையல்காரர் தேவை, உயரம் ஆறடிக்குக் குறையக் கூடாது என்று ஹோட்டல் வாசலில் போர்டு வைத்தார். வந்தவர்களில் ஒருவர் வாலிபால் ஆடுகிறவர், இன்னொருவர் பக்கத்து பேங்க் செக்யூரிட்டி. இருவருக்குமே வெந்நீர் வைக்கத் தெரியாது. கடைசியில் எர்ணாகுளத்திலிருந்து கம்பெனி மேசைகளை இறக்கினார். அவற்றின் கால்களில் திருகாணி இருக்கும், திருகினால் ஏறும், இறங்கும், எந்த ஆளுக்கும் பொருந்தும். மாமா போய்ப் பார்த்துவிட்டு வந்து, எல்லாருக்கும் பொருந்துகிற சாமான் எப்படி ஒருத்தனுக்குச் சொந்தமாகும் என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பழையதை எடுத்துக்கொண்டு போங்கள், இடத்தை அடைக்கிறது என்று ஹோட்டலிலிருந்து ஆள் வந்தது. லாரி வந்து எல்லாவற்றையும் எங்கள் முற்றத்தில் இறக்கிவிட்டுப் போனது.

மாமா அதன் பக்கமே போகவில்லை. அத்தைதான் போனார். முந்தானையால் மேசையைத் துடைத்துக்கொண்டே ஓரத்திலிருந்து ஓரம் வரை நடந்தார். பிறகு பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"இதுல ஒண்ணு நான் எடுத்துக்கிடட்டா?"

துக்கத்தில் இருந்ததாலோ என்னவோ, மாமா சரி என்றார். சரி என்றதோடு நிற்கவில்லை, முதலாளிக்கு வெட்ட மறுத்த காலை வெட்டத் தானே கிரைண்டரை எடுத்துக்கொண்டு இறங்கினார். நான் ஓடிப்போய், முதலில் அத்தையை அளந்துவிடுங்கள் மாமா என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வீட்டு ஆளுக்கு என்னத்துக்கு மக்களே அளவு? தினமும் பாக்க ஆளு. என் கண்ணுல இருக்கு."

தப்பாகத்தான் போகும் என்று எனக்கு நிச்சயம். நேர்மையாகச் சொன்னால், தப்பாகப் போனால் நன்றாயிருக்கும் என்றும் இருந்தது. ஊரில் உள்ள சமையல்காரர்களை எல்லாம் சுவரோடு நிறுத்தி அளந்தவர், சொந்தப் பெண்டாட்டிக்குக் கண்திட்டத்தில் வெட்டி, நாலுபேர் பார்க்க ஏமாந்து நிற்க வேண்டும். பட்டறை ஆட்கள் சிமெண்ட் மேடையை இடித்தபோது அத்தை கதவருகில் நின்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததேயில்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சாயங்காலத்துக்குள் புது மேசை அதன் இடத்தில் நின்றது.

அத்தை முன்னால் போய் நின்று கையை வைத்தார். முழங்கை மடங்கி, உள்ளங்கை தகட்டில் பதிந்தது. ஒரு சாண் கணக்குத் துல்லியம். ஒரு வெங்காயத்தை எடுத்து நறுக்கினார். முதுகு அசையவில்லை. நான் மாமாவைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவர் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தது போதாதென்று, எனக்கு நிரூபித்துக் காட்ட வேண்டும் என்று பட்டறைக்குப் போய் டேப்பை எடுத்துவந்தார். அத்தையைச் சுவரோடு நிறுத்தினார். டேப்பின் நுனியைக் கால் கட்டைவிரலால் தரையில் அழுத்திக்கொண்டு, சமையல்காரர்களிடம் சொல்கிற அதே குரலில் சொன்னார்.

"நிமிந்து நில்லு."

"நிமிந்துதான் நிக்கேன்" என்றார் அத்தை.

மாமா தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். சுவருக்கும் அத்தையின் தோளுக்கும் நடுவில் ஒரு கை போகிற இடைவெளி இருந்தது. வழக்கமாக அளவை உரக்கச் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். அன்றைக்கு டேப்பைப் பார்க்காமல் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் எட்டி டேப்பைப் பார்த்தேன். அவர் கண்திட்டம் இம்மிகூடப் பிசகவில்லை.