எட்டு மீட்டர் வெட்டு

சாலை வடிவமைப்பு அலுவலகத்தில் அவருக்கு 'நேர்கோட்டார்' என்று பெயர். வளைவைக் கண்டால் ஆகாது, ஏற்றத்தைக் கண்டால் அறவே ஆகாது. ஏற்றம் டீசலைக் குடிக்கும், டீசல் புகையைக் கக்கும், ஆகவே மேட்டை வெட்டு என்பார். இருபத்தாறு வருஷமாக இதையே சொல்லி, செலவையும் குறைத்துக் காட்டி நல்ல பேர் வாங்கியிருந்தார். தலைக்கனமும் கூடவே வளர்ந்தது.

மேட்டின் மேலிருக்கும் கல் குவாரிக்குப் போகும் சாலையின் கோப்பு அவர் மேசைக்கு வந்தது. சரிவைத் தணிக்க ஓரிடத்தில் எட்டு மீட்டர் ஆழம் வெட்ட வேண்டும். அந்தச் செலவு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் லாரிகள் மிச்சப்படுத்தும் டீசல் அதை ஐந்தே வருஷத்தில் ஈடுகட்டிவிடும் என்றது கணக்கு. வெட்டின் நட்டநடுவில் ஒரு வீடு இருந்தது. அது அவருடைய அக்கா வீடு.

அக்கா ஒண்டிக்கட்டை. பதினோரு வருஷம் சட்டையும் பள்ளிச் சீருடையும் தைத்து, முதலில் ஓர் அறை, பிறகு இன்னோர் அறை என்று கட்டிய வீடு. தையல் மெஷின் சாலையைப் பார்த்த ஜன்னலோரம் கிடந்தது. தம்பியிடம் அவள் வாழ்நாளில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பழைய சாலையை அப்படியே விட்டு, கொஞ்சம் அகலப்படுத்தினால் போதாதா?

"அக்கா, ஒரு நாளைக்கு முன்னூறு லாரி. உன் ஒரு வீட்டுக்காக அத்தனை புகையையும் ஊர் குடிக்கணும்ங்கிறியா?"

நிலம் தரச் சம்மதம் என்று சொந்த அக்காவே கையெழுத்துப் போட்டால் மேட்டில் நிலம் வைத்திருக்கும் மற்றவர்கள் முரண்டு பிடிக்க மாட்டார்கள் என்று சொல்லி, அவரே பேனாவையும் நீட்டினார். அவள் போட்டாள். நானாக இருந்தால் அந்தப் பேனாவை அவர் முகத்திலேயே எறிந்திருப்பேன். வீடு அரை நாளில் தரைமட்டமானது.

இரண்டு மாதம் கழித்து, அக்காவின் வாடகை அறைக்குப் போய், வேலை மளமளவென்று நடப்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் ஊசியில் நூல் கோத்தபடி கேட்டாள்.

"ஏன்டா தம்பி, மேல ஏறுற லாரியெல்லாம் காலியாத்தானே போகும்? கல்லை ஏத்திக்கிட்டு இறங்கத்தானே செய்யும்? காலி வண்டிக்கு எதுக்குடா மேட்டை வெட்டுறீங்க?"

அவர் கணக்குப் போட்ட, வண்டி எண்ணிய தாளில் 'லாரி' என்று மட்டும் இருந்தது. லாரி என்றால் முழுப் பாரம், போகும்போதும் வரும்போதும். அப்படித்தான் அவர் கை பழகியிருந்தது. அந்த வீட்டுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறார், எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில். அன்று குவாரிக்கு விடுமுறை. மற்ற ஆறு நாளும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளை அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மறுநாள் காலை யாரும் வருமுன் அலுவலகத்தில் மேலே ஏறும் லாரியின் பாரம் என்ற அந்த ஒரு எண்ணை மாற்றிப் பார்த்தார். செலவை ஈடுகட்ட ஐந்து வருஷம் என்றிருந்தது நாற்பது வருஷமானது. சாலையே அத்தனை காலம் தாங்காது. அக்கா சொன்னபடி பழைய சாலையே போதும். அதற்குள் மேடு ஆறு மீட்டர் வெட்டப்பட்டிருந்தது. அவர் பழைய எண்ணையே திரும்பப் போட்டுக் கணினியை மூடினார். அந்த வாரமே மேலதிகாரி இந்தச் சாலை வேலைக்காக எல்லோர் முன்னிலையிலும் அவரைப் புகழ்ந்தார். இவர் கூச்சமே இல்லாமல் சிரித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த ஞாயிறு அக்கா விடவில்லை. "நான் கேட்டேனே, பார்த்தியா?"

"பார்த்தேன்க்கா. கணக்கு சரியாத்தான் இருக்கு."

அவள் நிம்மதியாக மூச்சுவிட்டாள். "அப்போ சரி. வீடு வீணாப் போகலை," என்று சொல்லித் தட்டை எடுத்து வைத்தாள்.

அந்த மனுஷன் உட்கார்ந்து வயிறு முட்டச் சாப்பிட்டார்.