ட்ராலி உட்கார்ந்த மதியம்

என் தம்பி மனைவியை மருத்துவமனையில் எல்லோரும் ட்ராலி என்றுதான் கூப்பிட்டார்கள். சமையலறையிலிருந்து வார்டுகளுக்குச் சாப்பாட்டு வண்டி தள்ளுவது அவள் வேலை. நாலு மாடி, நீள வராந்தாக்கள், பாதி நாள் ஓடாத லிஃப்ட். அந்த வண்டியின் முன்சக்கரம் ஒன்று எப்போதும் இடது பக்கம் இழுக்கும். அதை நேராக்கித் தள்ளித் தள்ளி அவளுக்கு வலது தோள் கொஞ்சம் தடித்துவிட்டது. சீருடை தைக்கிறவர் டேப்பை இரண்டு முறை வைத்துப் பார்ப்பார்.

நான் அதே இடத்தில் நோயாளிப் பராமரிப்பில் இருந்தேன். படுத்துக் கிடப்பவர்களைத் திருப்பிப் போடுவது, குளிப்பாட்டுவது, புண்ணைத் துடைத்துக் கட்டுவது. தம்பிக்கு அவளைப் பார்த்து முடிவு செய்தது அந்த வராந்தாவில்தான். லிஃப்ட் நின்றுபோன ஒரு நாள், சாய்தளத்தில் ஆண்களே சுவரைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் மூன்று வேளைச் சாப்பாட்டையும் ஏற்றி இறக்கிவிட்டு, பாத்திரங்களைக் கழுவப் போட்டுவிட்டு, ஓரமாக உட்கார்ந்து ஒரு ஆள் சாப்பாட்டை நிதானமாகச் சாப்பிட்டாள். பிறகு இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினாள். களைத்துப்போன உடம்புக்கு வயிறு மூடிக்கொள்ளும். இவளுக்குத் திறந்தது. என் தம்பி பள்ளி வேன் ஓட்டுகிறவன். வாய் ஓயாது, உடம்பு அசையாது. இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு குடும்பம் நடக்கும் என்று தோன்றியது. நடந்தது.

அவள் ஓட ஆரம்பித்தது நாற்பதை நெருங்கும்போது. மருத்துவமனை ஆண்டு விழாவுக்கு ஒரு நடைப் போட்டி வைத்தார்கள். வளாகத்தை ஒரு சுற்று சுற்றி வந்தால் போதும், ஒரு துண்டும் ஒரு சான்றிதழும் உண்டு. அவளை யாரோ கடைசி நேரத்தில் வரிசையில் நிறுத்திவிட்டார்கள். ஒரு சுற்று முடிந்து எல்லோரும் துண்டை வாங்கிக்கொண்டு போன பிறகும் அவள் சுற்றிக்கொண்டே இருந்தாள். நாற்காலிகளை மடக்க வந்த ஆட்கள் கூப்பிட்டுக் கேட்டதற்கு, "யாரும் நில்லுன்னு சொல்லலையே" என்றாள். அன்றைக்கு மருத்துவமனை முழுக்கச் சிரித்தது. இயன்முறை மருத்துவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடுகிறவர். மறுநாள் சமையலறைக்கே வந்து, அவளுக்கு வேகம் சுத்தமாக இல்லை என்றும், ஆனால் வேகமில்லாமல் நிற்காமல் போகிறவர்களுக்கென்றே போட்டிகள் இருக்கின்றன என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு அவள் வேலைக்கு பஸ்ஸில் போகவில்லை. சீருடையை முதுகுப் பையில் வைத்துக்கொண்டு ஓடியே போனாள், ஓடியே வந்தாள். முதலில் மலைப் பாதையில் நூறு கிலோமீட்டர். பிறகு ஒரு விளையாட்டு மைதானத்தில் நாள் முழுக்க ஒரே வட்டத்தைச் சுற்றுகிற போட்டி. அதைப் பார்த்துவிட்டு வந்த தம்பி, "செக்கு மாடு சுத்தினாக்கூட எண்ணெய் வரும், உனக்கு என்ன வருது?" என்று கேட்டான். "தூக்கம் வருது. நல்லா வருது" என்றாள். அதற்கு மேல் அவனும் கேட்கவில்லை. அடுத்த போட்டிக்கு அவனே வேனைக் கழுவி, பின் சீட்டைக் கழற்றி, படுக்க இடம் செய்து கொடுத்தான்.

ஓட்டம் காலில் இருக்கிறது என்று நினைக்கிறவர்கள் அதைத் தூரத்திலிருந்து பார்ப்பவர்கள். போட்டிகளுக்கு நானும் கூடப் போவேன். கால் என் பொறுப்பு, எனக்குத் தெரியும். கொப்புளம் வந்தால் ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை எடுத்து, மேல் தோலை உரிக்காமல் பிளாஸ்திரி போட்டால் கால் மறுபடி ஓடும். நகம் விழுந்தால் வேறு நகம் முளைக்கும். வயிறு ஒருமுறை திரும்பிக்கொண்டால்தான் ஆள் முடிந்தது. பாதி தூரத்துக்கு மேல் பெரிய பெரிய வீரர்கள் சாலையோரம் குனிந்து வாந்தி எடுப்பார்கள். இவள் உப்புத் தொட்ட வெந்த உருளைக்கிழங்கை மென்றுகொண்டு அவர்களைத் தாண்டிப் போவாள். அப்படித்தான் ஜெயித்தாள், ஒன்றல்ல, பல போட்டிகள். உள்ளூர் பத்திரிகையில் படம் வந்தது. அதை வெட்டிச் சமையலறைக் கதவில் ஒட்டினார்கள். வண்டிச் சக்கரத்தைத்தான் யாரும் சரிசெய்யவில்லை.

முடிக்காமல் விட்டது ஏரிப் போட்டி ஒன்றுதான். பெரிய ஏரி, அதைச் சுற்றி ஒரு சாலை. ஒரு நாள் விடியலில் கிளம்பி மறுநாள் சூரியன் மறைவதற்குள் குறித்த சுற்றுகளை முடிக்க வேண்டும். முதல் தடவை முழங்கால் வீங்கி நின்றாள். இரண்டாம் தடவை புயல் வந்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் தடவைக்குள் அவளுக்கு ஐம்பத்தைந்து தாண்டியிருந்தது. அந்தச் சாலையையும் அகலப்படுத்தப் போவதால் இனி அங்கே போட்டி கிடையாது என்று அறிவித்திருந்தார்கள். ஜெயிக்க வேண்டாம், முடித்தால் போதும் என்றாள். ஒரு விஷயத்தை வேண்டும் என்று அவள் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான்.

இந்தப் போட்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. ஓடுகிறவருக்கு ஒரு கட்டத்துக்கு மேல் தன் உடம்பு தெரியாது. அதனால் தொடரலாமா நிறுத்தலாமா என்கிற முடிவைக் கிளம்பும் முன்பே கூட வருகிறவர்களில் ஒருவரிடம் கொடுத்துவிடுவார்கள். முந்தின வாரம் எங்கள் சமையலறையில் உருளைக்கிழங்கு கழுவிக்கொண்டே அவள் என்னிடம் சொன்னாள்.

"நான் நடுவழியில என்ன சொன்னாலும் கேக்காதீங்க அண்ணி. நீங்க நில்லுன்னா நிக்கிறேன். உங்களுக்குத்தான் இரக்கம் வராது."

தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்ப எனக்கு என்ன வேல?"

"நீங்க தண்ணி" என்றாள்.

போட்டியில் அவன் அதைப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது போலச் செய்தான். ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் எங்கள் கூடாரத்துக்கு முன்னால் பாட்டிலோடு நின்று, அவளோடு கொஞ்ச தூரம் ஓடி, குடித்து முடிக்கும்வரை விடமாட்டான். முதல் நாள் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் நாள் வெயில் ஏறியது. தார் இளகி செருப்பில் ஒட்டியது. தம்பி அடிக்கடி சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கோ போய் வந்தான். கால் மரத்துப்போகிறது, சும்மா சுற்றிவிட்டு வருகிறேன் என்றான்.

மதியம் அவள் வந்தபோது உருளைக்கிழங்கை நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். அத்தனை வருஷத்தில் அவள் சாப்பாட்டை மறுத்து நான் பார்த்ததில்லை. கையைப் பிடித்துப் பார்த்தேன். கைக்கடிகாரப் பட்டை சதைக்குள் பதிந்திருந்தது. விரல்கள் மடங்கவில்லை. ஷூ நாடாவை அவளே வழியில் தளர்த்திக் கட்டியிருந்தாள். முழங்காலுக்குக் கீழே பெருவிரலால் அழுத்தினேன். குழி விழுந்தது, எழும்பவில்லை. கடைசியாக எப்போது சிறுநீர் போனாய் என்று கேட்டேன். யோசித்தாள். பிறகு சாலையைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"வண்டியை எங்க விட்டேன்னு தெரியல அண்ணி. மூணாவது மாடிக்கு இன்னும் போகல. அவங்க பசியோட இருப்பாங்க."

நான் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள்.

தம்பி பாட்டிலோடு ஓடிவந்தான். வெயில் அடித்துவிட்டது, தண்ணீர் குறைந்துவிட்டது என்று மூடியைத் திறந்தான். அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, போட்டி மருத்துவரைக் கூட்டிவரச் சொன்னேன். சின்ன வயதுப் பெண், ஆனால் கை நடுங்காதவள். கையோடு எடை பார்க்கும் எந்திரத்தையும் தூக்கி வந்தாள். ஏற்றி நிறுத்திப் பார்த்தால், ஒன்றரை நாள் ஓடியவளுக்குக் கிளம்பியபோது இருந்ததைவிட எடை கூடியிருந்தது.

"எவ்வளவு தண்ணி குடிச்சாங்க?"

எங்கள் கூடாரத்தில் குடித்ததை நான் சொன்னேன். அது சரியான அளவுதான். மருத்துவர் என் தம்பியைப் பார்த்தாள். அவன் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். ஏரிக்கு அந்தப் பக்கம் நிழலே இல்லை, பாவம் என்று, காலையிலிருந்து சைக்கிளில் சுற்றிப் போய் அங்கேயும் ஒரு பாட்டில் கொடுத்திருக்கிறான். ஒவ்வொரு சுற்றுக்கும். அவளும், தண்ணீர் இவர் பொறுப்பு என்பதால், கொடுத்ததையெல்லாம் கேள்வி கேட்காமல் குடித்திருக்கிறாள்.

தண்ணீர் மிஞ்சி ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்விட்டது, மூளையும் கொஞ்சம் வீங்கும், அதனால்தான் இந்தப் பேச்சு என்று மருத்துவர் விளக்கினாள். இனி ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது, கெட்டியான உப்பு சூப் மட்டும். சிறுநீர் பிரிந்து, எடை இறங்கி, தலை தெளிந்தால் போகலாம், இல்லையென்றால் ஆம்புலன்ஸ்.

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். அது எங்கே மிதிக்கிறது என்பதைப் பொறுத்தது. தம்பியிடம் அதைச் சொல்லவில்லை. அவன் அடுப்பைப் பற்றவைத்து சூப் கட்டிகளைக் கரைத்துக்கொண்டிருந்தான்.

பிறகு காத்திருந்தோம். ஒரு பெண்ணுக்கு மூத்திரம் வர வேண்டுமே என்று அத்தனை பேர் சாலையோரம் காத்திருந்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை. அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். பக்கத்துக் கூடாரத்துக்காரர் தன் ஆளை அனுப்பிவைத்துவிட்டு வந்து, "அம்மாவுக்கு இன்னும் ஆகலையா?" என்று மரியாதையாக விசாரித்தார். அவர் போய் அடுத்த கூடாரத்தில் சொல்ல, அவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

இரண்டு முறை எழுந்திருக்கப் பார்த்தாள். தோளை அழுத்தினேன்.

"விடுங்க அண்ணி. கால் நல்லா இருக்கு."

"கால் இங்க இருக்கு. தலை மூணாவது மாடியில இருக்கு. அது இறங்கி வரட்டும்."

அழுதாள். சத்தமில்லை, கண்ணிலிருந்து வழிந்தது. அதுவும் உடம்பிலிருந்து வெளியே போகிற நீர்தான், போகட்டும் என்று விட்டேன். நிழல் எங்கள் கூடாரத்தின் அடுத்த பக்கத்துக்கு நகர்ந்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது அவளுக்கும் தெரிந்தது.

மூன்றாவது கிண்ணம் சூப்புக்குப் பிறகு கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றாள். வாசலில் நின்றேன். நெடுநேரம் ஆனது. திரும்பி வந்து உட்காரும் முன்பே மறுபடி போனாள். பிறகும் ஒருமுறை. பக்கத்துக் கூடாரத்துக்காரர் தூரத்திலிருந்து புருவத்தை உயர்த்தினார்; நான் தலையாட்டினேன். அவர் கைதட்டிவிட்டார், ஆள் அப்படி. கைக்கடிகாரம் மணிக்கட்டில் தளர்ந்து நகர்ந்தது. "உருளைக்கிழங்கு இருக்கா?" என்று கேட்டாள்.

மருத்துவர் மறுபடி எடை பார்த்தாள், இறங்கியிருந்தது. பெயர், ஊர், கிழமை எல்லாம் கேட்டாள். எல்லாவற்றுக்கும் நேரான பதில் வந்தது. வண்டி எங்கே என்று கடைசியாகக் கேட்டதற்கு, "ஏரிக்கரையில எதுக்கும்மா வண்டி?" என்றாள் ட்ராலி. மருத்துவர் என்னைப் பார்த்தாள், இனி உங்கள் முடிவு என்பதுபோல. இன்னும் ஒரு சுற்று பாக்கி. நடந்தால் சூரியன் முந்திக்கொள்ளும். ஓடினால் முடியலாம், முடியாமலும் போகலாம். காலைத் திருப்பிப் பார்த்து, ஒரு பிளாஸ்திரியை மாற்றிவிட்டு, போ என்றேன்.

தம்பி அவள் பக்கமே வரவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வேனில் சாய்ந்து நின்றான். அவள் ஷூ நாடாவை இறுக்கிக் கட்டி எழுந்து அவனிடம் போனாள்.

"அந்தப் பக்கம் போய் நில்லுங்க. பாட்டிலோட. நான் கேட்டா மட்டும் கொடுங்க."

அவன் நம்பாமல் என்னைப் பார்த்தான். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அங்கே அவள் கேட்கவில்லையாம். பாட்டிலைப் பார்த்து, அப்புறம் என்பதுபோல ஒரு விரலை உயர்த்திக் காட்டிவிட்டு, நிற்காமல் போய்விட்டாளாம்.

சூரியன் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தபோது வளைவில் அவள் தெரிந்தாள். வேகமா என்றால் இல்லை. என்றைக்கும் போல ஓடிவந்தாள். முடிவுக் கோட்டுக் கயிற்றை ஒரு முனையில் அவிழ்க்க ஆரம்பித்திருந்தவர்கள் மறுபடி பிடித்து நின்றார்கள். நேரத்துக்குள் முடித்தவர்களில் கடைசி ஆள் அவள். கோட்டைத் தாண்டியதும் தரையிலேயே கால் நீட்டி உட்கார்ந்தாள். தம்பி நிரம்பிய பாட்டிலோடு சைக்கிளில் வந்து இறங்கினான்.

"இப்பக் கொடுங்க" என்றாள்.

அவன் கோட்டருகே நின்ற மருத்துவரைப் பார்த்தான். "ரெண்டு வாய்" என்றாள் மருத்துவர். தம்பி பாட்டில் மூடியைக் கழற்றி, அதில் ஊற்றி, சிந்தாமல் நீட்டினான்.