ஹீரோவுக்கு ஜெரோம், நாய்க்கு நான்

அடுத்தவர் வாயசைப்புக்குப் பேசும் தொழிலில் வாய் ஒருவருக்கு, மூச்சு ஒருவருக்கு, கைத்தட்டல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு. நீங்களும் எங்கேயாவது மாடாக உழைத்து, பெயர் இன்னொருவனுக்குப் போன ஆள் என்றால் வாருங்கள், உட்காருங்கள். சேர்ந்து வயிறெரிவோம்.

இதில் ஒரு நல்ல சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. ஆனால் இப்போது தர மாட்டேன். நான் குரல் கொடுத்த படங்களும் அப்படித்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு இத்தாலியில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். வேலை இல்லாதவன், வீடு கிடைக்காதவன், பொய் சொல்லியே நாளை ஓட்டுபவன் என்று அழ வேண்டிய ஆட்களைக் காட்டிச் சிரிப்பு மூட்டுவார்கள். அதையும் உடனே கொடுக்க மாட்டார்கள். நாற்காலி நுனிக்கு வரவைத்து, கொஞ்சம் ஏங்கவிட்டுத்தான் கொடுப்பார்கள். நானும் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். பொறுங்கள்.

ரோம் நகரத்து நாய்

கோலாலம்பூரிலிருந்து நாலு மணி நேரம் தெற்கே, உலு திராமில் எங்கள் வீட்டுக்கு எதிரே சர்ச்சு மண்டபம். சனிக்கிழமை மூன்று மணிக்கு அங்கே வின்சென்ட் அங்கிள் படம் போடுவார். இளவயதில் கப்பலில் வேலை செய்தவர். கப்பல் பழுதாகி ஓர் இத்தாலியத் துறைமுகத்தில் மாதக்கணக்கில் நின்றபோது, வேறு வேலை இல்லாமல் தினமும் படம் பார்த்திருக்கிறார். அந்தக் கிறுக்கு இன்னும் இறங்கவில்லை. மண்டபத்துக்கு வருகிற பெரியவர்களுக்கு அடியில் ஓடும் இங்கிலீஷ் எழுத்தைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த காட்சி வந்துவிடும். அதனால் படத்தின் சத்தத்தை அமர்த்திவிட்டு, துணித்திரைக்குப் பின்னால் இரண்டு பேரை மைக்கோடு உட்காரவைத்துத் தமிழில் பேசவைப்பார். சம்பளம் ஆளுக்கு ஒரு பொட்டலம் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு, பாலில்லாத ஐஸ் டீயாக ஒரு தே ஓ ஐஸ். பின்னாலிருந்து பார்ப்பதால் எங்களுக்குப் படம் இடம் வலம் மாறித் தெரியும். என் கணக்கில் இத்தாலி முழுக்க இடது கைக்காரர்கள்.

நான் அங்கே வந்து சேர்ந்தது தண்டனையாக. பள்ளியின் கடைசிப் பரீட்சையான எஸ்.பி.எம். எழுதிவிட்டுச் சும்மா இருந்த நாளில், மண்டபத்து மைக்கில் பாதர் குரலில் "வெள்ளைக் கார் வெச்சிருக்கிறவங்க தயவு செஞ்சு வண்டிய எடுங்க" என்றேன். பதினோரு பேர் எழுந்து ஓடினார்கள். அங்கிள் என் காதைப் பிடித்துத் திரைக்குப் பின்னால் கொண்டுபோய் உட்காரவைத்தார். பக்கத்து நாற்காலியில் ஜெரோம். பத்தொன்பது வயது, கைப்பேசிக் கடையில் வேலை, தேனில் ஊறப்போட்டு எடுத்த குரல். ஹீரோ அவன். மிச்சம் எல்லாம் நான். முதல் படத்தில் வீட்டுக்காரக் கிழவி, அவள் புருஷன், போலீஸ்காரன், பால்காரன், கைக்குழந்தை, டிராம் வண்டி மணி, ஒரு நாய். அந்த நாய் ரொட்டிக்காக ஏங்கி முனகும் இடத்தில் மண்டபமே உச்சுக் கொட்டியது. வெளியே வந்தால் முன் வரிசை பிலோமினா ஆண்ட்டி பக்கத்துப் பெண்மணியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"ஜெரோமு என்னமா பேசுறான் பாத்தியா. அந்த நாய் கூட அவன்தானாம்."

எண்ணிக்கொண்டே இரு

அந்தப் படங்களில் நடித்தவர்களில் பாதிப் பேர் தெருவில் போனவர்கள் என்று அங்கிள் சொன்னார். போரில் ஸ்டூடியோக்கள் நாசமானதால் கேமராவைத் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மீன் விற்பவரைப் பிடித்து நிறுத்துவார்கள். அவருக்கு வசனம் மனப்பாடம் ஆகாது. "ஒண்ணு ரெண்டு எண்ணிக்கிட்டே கோபப்படு" என்பாராம் இயக்குநர். பிறகு இருட்டறையில் ஒரு நாடக நடிகர் அந்த வாய்க்கு உயிர் கொடுப்பார். ஊரே மீன்காரரைத் தெருவில் மறித்துக் கட்டிப்பிடிக்கும். குரல் கொடுத்தவர் அதே தெருவில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருப்பார். அன்று முழுக்க அந்த முகம் தெரியாத மனிதரை நினைத்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சரி, கொஞ்சம் இறங்கியது.

அடுத்த சனிக்கிழமை அப்படி ஒரு மீன்காரர் வந்தார். அங்கிள் எழுதியிருந்த வசனம் முடிந்துவிட்டது, மனிதர் வாய் மட்டும் நிற்கவில்லை. முப்பது வரை எண்ணியிருப்பார் போல. என் கையில் நோட்டு காலி. வாயில் வந்ததைக் கொட்டினேன், எங்கள் ஊர் பஸ் நடத்துநர் குரலில்: "தெப்ராவ், பாண்டான், லார்கின், ஏறு ஏறு, உள்ள போ, உள்ள போ." மீன்காரர் கையை வீசி வீசி லார்கினுக்கு ஆள் ஏற்றினார். மண்டபம் குலுங்கியது. ஜெரோம் சிரித்துச் சிரித்து மைக்கைக் கீழே போட்டான், அவன் சிரிப்புக்கும் தனியாகக் கைத்தட்டல். இடைவேளையில் பின் வரிசைத் தாத்தா ஒருவர் ரொம்ப யோசனையாக அங்கிளிடம் கேட்டார்:

"அப்போ ரோம்ல இருந்து லார்கினுக்கு நேரா பஸ்ஸு இருந்துச்சா, வின்சென்ட்டு?"

வழுக்கைத் தலைக்காரர்

சிரிப்பு எங்கே என்று கேட்கிறீர்கள். வருகிறது. அதற்குமுன் ஒரு சூப் இருக்கிறது.

அங்கிளின் படப் பெட்டியில் எனக்குப் பிடித்தவர் ஒரு வழுக்கைத் தலைக்காரர். குட்டையாக, கொஞ்சம் தொப்பையோடு, எப்போதும் கடன்காரனைப் பார்த்துவிட்டவர் போன்ற முழி. ஒரு படத்தில் பணக்கார வீட்டில் சூப்பை நீட்டுவார்கள். இரண்டு நாள் பட்டினி அவர். ஆனால் கௌரவம் பார்த்து, "இப்பத்தான் சாப்பிட்டு வந்தேன்" என்பார். கண் மட்டும் கிண்ணத்தை விட்டு நகராது. ஜெரோம் அதை எப்படிச் சொன்னான் தெரியுமா? நகைக்கடை விளம்பரம் மாதிரி. கேட்டால் ஆட்டுக்கால் விருந்தே முடித்துவிட்டு வந்தவர் போல இருந்தது. அந்த மனிதர் பயந்தவர், பொய்யர், பாவப்பட்டவர். ஜெரோம் குரலில் எல்லாரும் மாப்பிள்ளை ஆகிவிடுகிறார்கள்.

ஒத்திகை முடிந்ததும் அங்கிளிடம் போய், அந்த வரியைச் சொல்லிக் காட்டினேன். "ஆக," என்று ஆரம்பித்தார். அங்கிள் எதற்கும் இரண்டு முறை தொண்டையைச் செருமி "ஆக" போட்டுத்தான் ஆரம்பிப்பார். "ஆக, நீ நல்லாத்தான் சொல்ற. ஆனா ஆம்பள முகத்துக்குப் பொம்பளப் புள்ள பேசுனா சனம் சிரிக்கும்மா." போலீஸ்காரனும் பால்காரனும் என்ன பெண்களா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் ஜெரோம் தன் நாசி லெமாக்கிலிருந்த முட்டையை எடுத்து என் பொட்டலத்தில் வைத்தான். கெட்டவனாக இருந்தாலாவது நிம்மதியாக வெறுக்கலாம். முகத்தைப் பார்த்து, மனதாரச் சொன்னான்:

"கவலப்படாத லா ஷாலினி. நாய்க்கு உன்ன மாதிரி யாருக்கும் வராது."

அங்கிள் சொன்ன நேரம்

அந்தப் பெட்டியிலிருந்த கடைசிப் படத்துக்கு முந்தின வாரம் அங்கிள் ஒரு குண்டைப் போட்டார். கோலாலம்பூரில் கார்ட்டூன்களுக்குத் தமிழ்க் குரல் கொடுக்கும் ஒரு ஸ்டூடியோவிலிருந்து கமலா மேடம் வருகிறாராம். ஒரு புதுக் குரல் வேண்டுமாம். ஒன்றே ஒன்று. படம் இதுதான்: வேலை போன குமாஸ்தா ஒருவர் அதை மனைவியிடம் மறைத்து, தினமும் கோட்டுப் போட்டுக் காலிப் பையோடு கிளம்பிப் பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வருவார். குமாஸ்தா, நம் வழுக்கைத் தலைக்காரர். படம் முழுக்க அவர்தான் பேசுவார். எனக்கு மனைவி, மூன்று போலீஸ்காரர்கள், புறாக்கள்.

புறாவைக் கேட்டு யாராவது கோலாலம்பூருக்குக் கூப்பிடுவார்களா, நீங்களே சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை ஒத்திகை முடிந்து ஜெரோம் கிளம்பியதும் அங்கிள் தன் கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் வாங்கப் போனார். எடுத்தேன். இரண்டு முறை செருமினேன். "ஆக, ஜெரோமு, நாளைக்கு ஷோ அஞ்சு மணிக்கு மாத்தியாச்சுப்பா. மேடம் லேட்டா வராங்க. அஞ்சுக்கு வந்தாப் போதும்." குரல் செய்தியாக அனுப்பினேன். அவன் பதில் வந்ததும் இரண்டையும் அங்கிள் கைப்பேசியிலிருந்து அழித்தேன். தப்பு என்றே தோன்றவில்லை. அதுதான் எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. பையன் பதில் ஒரே வரி:

"ஓக்கே அங்கிள், ஷாலினிக்கு நான் சொல்லிடவா, பாவம் சீக்கிரம் வந்து உக்காந்திருக்கப் போறா."

மூன்று மணி

என் திட்டம் எளிமையானது. ஜெரோம் வரமாட்டான், அங்கிள் தவிப்பார், நான் காப்பாற்றுவேன், மேடம் கேட்பார். மூன்றுக்கு ஐந்து நிமிடம். அங்கிள் எப்போதும் மண்டபத்தின் கடைசியில் புரொஜெக்டர் பக்கம் நிற்பவர். அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "ஜெரோம் வந்துட்டானா? அவன் இல்லேன்னா இன்னிக்கு ஷோ கிடையாது, மேடத்துக்கிட்ட மன்னிப்புக் கேட்டு அனுப்பிடுறேன்." அலமாக், ஐயையோ. இதை நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாகத் திறந்தது, தேன் தானாக வழிந்தது: "வந்துட்டேன் அங்கிள், போடுங்க."

மாட்டிக்கொண்டேன். ஒன்றரை மணி நேரம் ஜெரோமாகவும் இருந்தேன், நானாகவும் இருந்தேன். புருஷனாக இடப்பக்க மைக்கில் பொய் சொல்லி, பெண்டாட்டியாக வலப்பக்கம் தாவி அதை நம்பினேன், நடுவில் புறா. ஆனால் ஒன்று செய்தேன். குரல்தான் ஜெரோமுடையது. ஆள் நான் பார்த்து வைத்திருந்த வழுக்கைத் தலைக்காரர். மாப்பிள்ளைத்தனத்தைப் பிழிந்து எடுத்துவிட்டேன். கடைசியில் பூங்காவில் அவர் காலிப் பையைத் திறந்தால் உள்ளே ரொட்டி இருக்கும், துணியில் சுற்றி. மனைவிக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். பக்கத்தில் இருப்பவரிடம் அவர், "இன்னிக்கு ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி, சாப்பிட நேரம் இருக்குமான்னு தெரியல" என்று சிரிப்பார். பாதிச் சிரிப்பில் உடைந்தேன். நடிப்பா என்று கேட்காதீர்கள். விளக்குப் போட்டதும் பிலோமினா ஆண்ட்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னது துணியைத் தாண்டி எனக்குக் கேட்டது:

"இன்னிக்குத்தான் ஜெரோமு நடிச்சிருக்கான். இத்தன நாளா சும்மா பேசிக்கிட்டு இருந்தான்."

ஐந்து மணி

ஜெரோம் காற்று வாங்க வெளியே போனதாக நினைத்துக்கொண்டு கூட்டம் கலையாமல் காத்திருந்தது. ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, தேய்த்த சட்டையும் கையில் ஹெல்மெட்டுமாக ஜெரோம் முன்வாசல் வழியாக உள்ளே வந்தான். மண்டபமே எழுந்து கைதட்டியது. அங்கிள் ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடித்து மேடத்திடம் இழுத்துப் போனார். கமலா மேடத்துக்குக் கண் இன்னும் ஈரம். "தம்பி, அந்தக் கடைசி வரி. எங்க கத்துக்கிட்டீங்க?" ஜெரோம் சுற்றும்முற்றும் பார்த்தான். "மேடம், நான் இப்பத்தான் வரேன்," என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "அடக்கம் மேடம். பையன் அப்படித்தான்," என்றார் அங்கிள். "ஞாயித்துக்கிழமை ஸ்டூடியோவுக்கு வந்துடுங்க," என்றார் மேடம். நான் துணிக்குப் பின்னால் நின்று என் வேலை, என் மூச்சு, என் அழுகை எல்லாம் ஹெல்மெட் பிடித்த கைக்குப் போவதைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. திறந்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

மைக் இன்னும் உயிரோடு இருந்தது. "இன்னிக்கு ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி," என்றேன், ஜெரோம் குரலில். எல்லாரும் ஜெரோம் வாயைப் பார்த்தார்கள். அது மூடியிருந்தது. அவனும் தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். மேடம் நேராக நடந்து வந்து துணியை விலக்கினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு குரல் யாருக்கும் அமையும். இன்னொண்ணு பேசு," என்று சொல்லித் திரும்பி, இருக்கிற நூறு பேரில் அங்கிளைப் பார்த்துக் கையை நீட்டினார். "இந்த சார் மாதிரி."

மேடம் நாய்க் குரலைக் கேட்டிருக்கலாம். பாதர் குரலைக் கேட்டிருக்கலாம். ஜெரோம் இரண்டடி தூரத்தில் நின்றான். நான் இரண்டு முறை செருமினேன். "ஆக, மேடம், இந்தப் புள்ளைய நான்தான் கண்டுபுடிச்சேன்." அங்கிளுக்கு வாய் பிளந்தது. கூட்டம் வெடித்துச் சிரித்தது. மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை நீ வா," என்றார். ஜெரோமும் எல்லாரோடும் சேர்ந்துதான் சிரித்தான், என்னைவிட அவனுக்குத்தான் சந்தோஷம் என்பது போல. அப்புறம் அவன் சிரிப்பு மெதுவாக நின்றது. சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்து எதையோ ஒருமுறை கேட்டான். அங்கிளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"ஷாலினி, அஞ்சு மணிக்கு வரச் சொன்ன அங்கிளு நீயா?"

எல்லார் குரலும் வருகிற தொண்டையும் மன்னிப்பை மட்டும் சொந்தக் குரலில்தான் கேட்டாக வேண்டும் என்பது இந்தத் தொழிலில் யாரும் முன்கூட்டியே சொல்லித் தராத ஒரே கஷ்டம்.