கயிறு இல்லாத மத்தியானம்

குடியை விடுவதற்காக என் வீட்டுக்காரர் மணிக்கட்டில் கயிறு கட்டியிருந்தார். அம்மன் கோயில் பூசாரி மந்திரித்துக் கட்டியது, நடுவில் செப்புத் தாயத்து. எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். கயிறு இருக்கும்வரை பாட்டிலைத் தொடமாட்டார்கள். கயிறு போனால் சத்தியமும் போச்சு.

குடித்தவர்களின் மூளையைப் படம் எடுத்து ஆராய்கிறார்கள் என்று ஊருக்கு வெளியே ஒரு ஆஸ்பத்திரியில் இவரும் பேர் கொடுத்தார். ஸ்கேன் அறை வாசலில், "உள்ள பெரிய காந்தம் இருக்குதுபா. தாயத்தோட போவக் கூடாது" என்றார் படம் எடுப்பவர். முடிச்சு அவிழவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் கத்தரிக்கோல் வந்துவிட்டது. இவரோ நகம் வெட்டக் கொடுப்பவர் மாதிரி கையை நீட்டினார்.

பிறகு டாக்டரம்மா படத்தைக் காட்டினார். காலிஃப்ளவரைக் குறுக்கே வெட்டியதுபோல் இருந்தது. "மனசை அடக்குற இடம் இது. கொஞ்சம் சுருங்கியிருக்கு. குடிக்காம இருந்தா ஓரளவு தேறும்மா."

அப்படியென்றால் இத்தனை வருஷமும் நான் யாரைத் திட்டினேன்? இவரையா, அந்த இடத்தையா? சுருங்கியதை வைத்துக்கொண்டு இத்தனை மாதம் எப்படிக் குடிக்காமல் இருந்தார்? கயிறுதான் நிறுத்தியது என்றால், அது இப்போது என் கைப்பையில் துண்டாகக் கிடக்கிறது. இதையெல்லாம் டாக்டரம்மாவிடம் எப்படிக் கேட்பதென்று தெரியாமல் தலையாட்டிவிட்டு வந்தேன்.

சின்ன காஞ்சிபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் உச்சி வெயில். கோயில் நடை நாலு மணிக்குத்தான் திறக்கும். தறியில் அறுகிற இழையை நாளெல்லாம் முடிச்சுப் போடுகிறவர் இவர். ஆனாலும் இந்தக் கயிற்றைப் பூசாரிதான் கட்ட வேண்டும். வழியில் ஒயின் ஷாப் வேறு. இவர் மணிக்கட்டில் கயிறு இருந்த இடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

"இன்னாமே, தெருவே பாக்குது. வுடு."

"பாக்கட்டும். பேசாம வாங்க."

வீட்டுக்கு வந்து, நாலு மணிக்குக் கோயிலுக்குக் கிளம்பச் சொன்னேன். தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தவர், "இனிமே கயிறு வேணாம்மே. இல்லாமலே இருந்து பாக்கறேன்" என்றார்.

பேசுவது தேறிய இடமா, சுருங்கிய இடமா? சந்தோஷப்படக்கூடப் பயமாக இருந்தது. நான் மட்டும் கோயிலுக்குப் போய், புதுக் கயிறு கட்டச் சொல்லி என் கையை நீட்டினேன்.

"உனுக்கு எதுக்குமா?" என்றார் பூசாரி.

நீட்டிய கையை நான் எடுக்கவில்லை.