என் கதிரையை நானே விட்டு எழுந்த நாள்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சைக்கிளில் வாழைக்குலை கட்டித் தொடங்கி, நீர்வேலியில் என் சொல் இல்லாமல் குலை நகராது என்ற அளவுக்கு வந்தவன். எங்கள் வாழைச் செய்கையாளர் சங்கத்துக்கு இரண்டு சபைகள். கீழே நிர்வாக சபை, மேலே மூத்தோர் சபை. மூத்தோர் சபைக்குத் தலைவர் நான்தான்.

அந்தச் சபைக்கு யாப்பு எழுதியபோது, இந்தியாவின் மேலவையைப் பார்த்துத்தான் விதிகளைச் சொன்னேன். தொலைக்காட்சியில் அந்த மேலவை நடப்பதைச் சிலர் கிரிக்கெட் பார்ப்பதுபோல் பார்ப்பவன் நான். அங்கே தலைவர் உறுப்பினர் அல்ல. வாக்குகள் சரிசமனாகப் பிரிந்தால் மட்டுமே அவருக்கு வாக்கு. அவரை நீக்கத் தீர்மானம் வந்தால், அந்த நேரம் அவர் தலைமை தாங்க முடியாது. சபையில் இருந்து பேசலாம், வாக்குப் போட முடியாது. துணைத்தலைவர் கதிரையில் இருப்பார். என்ன அருமையான ஏற்பாடு! அத்தனையையும் எங்கள் யாப்பில் போட வைத்தேன்.

சங்கத்தின் பழைய லொறியில் வந்தது வினை. அதை விற்றுவிடலாம் என்று நிர்வாக சபை சொன்னது. மூத்தோர் சபையில் பாதிக்குப் பாதி. நான் விற்க வேண்டாம் என்று வாக்குப் போட்டேன். அடுத்த கூட்டத்திலேயே என்னை நீக்க ஒரு தீர்மானமும், லொறியை விற்க மறுபடி ஒரு தீர்மானமும் வந்தன.

செயலாளர் முதல் தீர்மானத்தை வாசித்ததும் நான் எழுந்தேன்.

"எங்கை போறியள் அண்ணை? இருங்கோ," என்றார் அவர். "உந்த விதியை இஞ்சை ஆர் ஞாபகம் வைச்சிருக்கினம்?"

"நான் வைச்சிருக்கிறன்."

துணைத்தலைவி பக்கத்துத் தோட்டக்காரி. என்னை அண்ணை என்பாள். லொறியை விற்கச் சொல்பவர்களில் முன்னுக்கு நிற்பவளும் அவள்தான். கதிரையில் வந்து அமர்ந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"கதைக்க இருக்கோ அண்ணை?"

இருந்ததே! தலைவராக இருந்த காலமெல்லாம் அடக்கி வைத்த வாய். சரிசமனாக நின்றால் உள்ளதை உள்ளபடி விடுவதே தலைவரின் முறை, மாற்றம் வேண்டுமென்றால் உறுப்பினர்கள் கூடுதலாகச் சேர்ந்து கேட்கட்டும் என்றேன். லொறியின் எஞ்சினைப் பற்றியும் சொன்னேன். கைதட்டக்கூட இரண்டு பேர் இருந்தார்கள்.

"காணும் அண்ணை, லொறியை விட நீங்கள் கூடச் சத்தம் போடுறியள்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

வாக்கெடுத்தார்கள். என் பக்கத்து ஆள் ஒருவர் மகளின் பிள்ளைப்பேற்றுக்கு வவுனியா போயிருந்தார். தலைமையில் இருந்ததால் அவளும் வாக்குப் போடவில்லை. மறுபடியும் பாதிக்குப் பாதி. என் தலைவர் பதவி அவளுடைய ஒரு வாக்கில் நின்றது. எனக்குப் பயமில்லை. நான் போட்ட விதி என் கண் முன்னால் உயிரோடு நடந்துகொண்டிருந்தது. இதைப் பார்க்க எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

"அண்ணை இருக்கட்டும்," என்றாள்.

அவளுடைய ஆட்கள் கொதித்தார்கள். "என்ன அக்கா, கவிட்டுப் போட்டியளே?"

"விசர்க் கதை கதைக்காதேங்கோ. இவரைக் கலைச்சால் நான்தான் இதிலை இருக்கோணும். இதிலை இருந்தால் சரிசமன் வந்தால்தான் எனக்கு வாக்கு, அதையும் அண்ணை சொன்ன முறைப்படி உள்ளதை உள்ளபடி விடத்தான் போடோணும். பிறகு லொறியை விக்க ஆர் வாக்குப் போடுறது?" என்றாள். பிறகு எழுந்து கதிரையை என் பக்கம் தள்ளினாள். "வாங்கோ அண்ணை. உங்கடை இடத்திலை இருங்கோ."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் ஆள் வவுனியாவில். அவள் இப்போது சாதாரண உறுப்பினர். அவளுக்கு வாக்கு உண்டு. எனக்கோ சரிசமன் வந்தால்தான் வாக்கு. சரிசமன் வராது.

போய் இருந்தேன். லொறியைப் பற்றிச் சொல்ல இன்னும் எவ்வளவோ இருந்தது. தலைவர் ஒரு பக்கம் சாய்ந்து பேசக் கூடாது. கைகள் உயர்ந்தன. எண்ணத் தேவையே இருக்கவில்லை, இருந்தும் இரண்டு தரம் எண்ணினேன்.

ஒரு வாக்கினால் லொறி போனது. தீர்மானம் நிறைவேறியது என்று அறிவிக்க வேண்டியவன் நான். வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி அறிவித்தேன்.