மேட்டைத் தாண்டிய தண்ணீர்

என் பூசை அலமாரியில், அம்மன் படத்துக்கு இடப்புறமாக, ஒரு பித்தளைச் செம்பு இருக்கிறது. அதன் வாய் விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். புளியிட்டுத் துலக்கும்போதெல்லாம் என் பெருவிரல் தானாகவே அந்தப் பள்ளத்தில் போய் அமர்ந்துகொள்ளும். விடியலில் குளித்து, நீறு பூசி, அன்றைக்குரிய பதிகத்தை ஓதி முடித்ததும் அதில் புதுத்தண்ணீர் நிறைத்து வைப்பது என் வழக்கம். தட்டி நேராக்கித் தருகிறோம் என்று பேரப்பிள்ளைகள் பலமுறை கேட்டுவிட்டார்கள். நான் கொடுக்கவில்லை. அந்த நசுக்கம் கலேவெலையில், வறண்டுகிடந்த ஓர் ஓயாவின், அதாவது சிற்றாற்றின், கல்லில் பட்டு உண்டானது. அன்று செம்பைக் கைதவற விட்டவள் என் சின்னம்மா.

சின்னம்மா என் தாயின் கடைசித் தங்கை. என்னைவிடச் சற்றே மூத்தவள். அவளைப் பெற்றவர் அந்தப் பிரசவத்திலேயே கண்மூடிவிட, என் தாய்தான் அவளையும் என்னையும் ஒன்றாக வளர்த்தார். இலங்கையின் மாத்தளை மலைகளில், இரத்தோட்டைக்கு மேலே, தேயிலையும் மிளகும் கலந்து நின்ற ஒரு தோட்டத்தின் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், ஒரே பாயில் படுத்து ஒரே தட்டில் உண்டோம். அவள் கழித்த சட்டை எனக்கு வரும். உறவு சொல்லி அழைக்க வேண்டுமென்று அம்மா கண்டிப்பாக இருந்ததால், விளையாட்டிலும் சண்டையிலும்கூட அவள் எனக்குச் சின்னம்மாதான். அவளுடைய அப்பா, அதாவது என் தாத்தா, நாட்டுக்குச் சுதந்திரம் வந்த புதிதில், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்த தம் பங்கு நிலத்தைப் பார்த்துவருவதாகச் சொல்லிக் கப்பலேறினார். அவர் திரும்புவதற்குள் சட்டங்கள் மாறின. பாஸ்போட்டும் விசாவும் இல்லாதவர்களுக்கு அந்தச் சிறு கடல் அடைபட்டுப்போயிற்று. வழியனுப்பியபோது சின்னம்மா அம்மாவின் இடுப்பிலிருந்தாளாம். அப்பாவின் முகம் நினைவில்லை, தோளில் கிடந்த சிவப்புத் துண்டு மட்டும் நினைவிருக்கிறது என்பாள்.

எங்கள் லயத்துக்குக் கீழே ஓர் ஓடை உண்டு. ஆடிப் பதினெட்டன்று தோட்டத்துப் பெண்கள் அந்த ஓடையைக் காவேரியென்றே வைத்துக் கும்பிடுவார்கள். மஞ்சளும் பூவும் காதோலை கருகமணியும் வைத்து, வாழைமட்டையில் விளக்கேற்றி மிதக்க விடுவார்கள். இந்தத் தண்ணீர் கடலுக்குப் போகும், கடல் வழியாகக் காவேரி ஆத்தாளிடம் போகும், அங்கே நம் சனங்கள் குளிக்கும் துறையில் போய் நிற்கும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அதை அறியாமை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவர்கள் அறிந்த கடல் ஒன்றே. அது அவர்கள் கடந்துவந்த கடல். அதற்கு அக்கரை என்று ஒன்று இருந்தால் அது ஊராகத்தானே இருக்க முடியும்? சின்னம்மாவுக்கு அந்த நாள்தான் ஆண்டின் தலைநாள். தன் தலையில் சூட வேண்டிய பூவை வைக்காமல் எடுத்துவைத்து, விளக்கின் பக்கத்தில் வைப்பாள். குனிந்து தண்ணீரிடம் ஏதோ சொல்வாள். என்ன சொன்னாய் என்று கேட்டால், "அது அப்பாவுக்கு, ஒனக்கு இல்ல" என்பாள்.

தோட்டப் பள்ளிக்கூடம் ஒரே அறை. சுவரில் தேசப்படம் கிடையாது. அதனால் வாத்தியார் முற்றத்தில் களிமண்ணால் இலங்கையைச் செய்யச் சொன்னார். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பின்னாலிருந்து களிமண் சுமந்து வந்து, நடுவே மலைகளைக் குவித்து, சுற்றிலும் கடலுக்காக ஒரு வாய்க்கால் வெட்டினோம். நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலம் தீவு. மூன்று புறம் சூழ்ந்தால் குடாநாடு. இரண்டு நிலங்களுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் கடல் நீரிணை. பேராற்றில் வந்து விழும் சிற்றாறு கிளையாறு. ஆறு கடலோடு கலக்கும் வாய் கழிமுகம். அந்த மண்தீவைச் சுற்றி நின்று, ஒரு பிள்ளை சொல்ல மற்றவர்கள் வாங்கிச் சொல்வோம். பிற்காலத்தில் பதிகங்களை ஓதக் கற்றபோது எனக்கு அந்த முற்றமே நினைவுக்கு வந்தது. இறைவன் பெயருக்கு முன்னே அவன் அமர்ந்த மலை வரும். மலையை அடுத்து ஆறு வரும். ஆறு தள்ளிவந்த அகிலும் சந்தனமும் வரும். எந்தத் தண்ணீர் எந்தத் தலத்தைத் தொட்டுப் போகிறது என்பதை அறிந்த பிறகே அடியார்கள் வாய்திறந்திருக்கிறார்கள். நிலத்தை அறிவதும் வழிபாட்டில் ஒரு படிதான் போலும்.

மண்தீவு காய்ந்ததும், மழை எப்படி ஆறாகிறது என்று காட்டுவதற்காக வாத்தியார் தண்ணீர் ஊற்றச் சொன்னார். செம்பு எங்கள் வீட்டுச் செம்பு, கொண்டுவந்தவள் சின்னம்மா, ஆகவே ஊற்றும் உரிமையும் அவளுக்கே கிடைத்தது. எங்கள் தோட்டம் இருக்கும் மலைச்சரிவை வாத்தியார் குச்சியால் தொட்டுக் காட்டினார். அவள் அந்த இடத்தில் மெல்லச் சாய்த்தாள். தண்ணீர் சற்றுத் தயங்கி நின்று, பிறகு கிழக்கே இறங்கியது. இது அம்பன் கங்கை, இது மகாவலி, இதோ திருக்கோணமலைக்குப் பக்கத்தில் கழிமுகம் என்று வாத்தியார் சொல்லிக்கொண்டே போனார். பாடல் பெற்ற தலத்தின் கடலில் எங்கள் ஓடை கலக்கிறது என்று கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது. சின்னம்மா தீவின் மறுபக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தியா எந்தப் பக்கம் என்று கேட்டாள். வாத்தியார் வடமேற்கே, வாய்க்காலுக்கு அப்பால், பெண்பிள்ளைகள் நின்ற இடத்தைக் காட்டினார். அந்தப் பக்கம் போகும் தண்ணீரே நம் மாத்தளையில் இல்லையா என்று அவள் மீண்டும் கேட்டாள்.

இருக்கிறது என்றார் அவர். களிமண் மலைகளுக்கு நடுவே நீளமாக ஒரு வரம்பைத் தடவிக் காட்டி, இதற்கு நீர்பிரிமேடு என்று பெயர் என்றார். அதன் இந்தப் பக்கம் விழும் துளி கிழக்குக் கடலுக்கு. அந்தப் பக்கம் விழும் துளி கலேவெலைப் பக்கத்து ஓயாக்களில் இறங்கி, கலாவாவி என்ற பெரிய ஏரி வழியாக, புத்தளத்துக்கு வடக்கே மேற்குக் கடலுக்கு. அப்படியானால் நம் தண்ணீர் அந்தப் பக்கம் போகவே போகாதா என்று கேட்டவளைப் பார்த்து வாத்தியார் சிரித்தார்.

"தண்ணி தானா மேடு ஏறாது புள்ள. அந்தப் பக்கம் போகணும்னா யாராச்சும் தூக்கிக்கிட்டுத்தான் போகணும்."

வகுப்பு முழுவதும் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. வீட்டுக்கு ஏறிவரும் வழியில், மிளகுக்கொடிகளுக்கு நடுவே நின்று என்னிடம் சொன்னாள்: "அப்ப இத்தன வருசமா அப்பாவுக்கு ஒண்ணுமே போய்ச் சேரல." அவ்வளவுதான். அன்று மாலை சோற்றைத் தொடவில்லை. மறுநாளும் இல்லை. தன் பிள்ளை தன்னை நினைக்கிறாள் என்பதே அறியாமல் ஒரு மனிதர் அக்கரையில் இருக்கிறார் என்ற எண்ணம் அவளை வாட்டியது. அம்மா முதலில் அதட்டினார். எந்தத் தண்ணீர் எங்கே போக வேண்டும் என்று சாமிக்குத் தெரியும், உன் வாத்தியாருக்கு என்ன தெரியும் என்றார். பிறகு கெஞ்சினார். ஆடிப் பதினெட்டு நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முந்திய இரவு, விளக்கை அணைக்கும்போது, யாரிடமும் சொல்வதுபோல் இல்லாமல், "காலையில வெள்ளன எந்திரிங்க, கலேவெலைக்குப் போறோம்" என்றார். அன்று வேலைக்குப் போகாவிட்டால் பேர் விழாது. ஒருநாள் கூலியைத் தோட்டத்தில் நாங்கள் பேர் என்றுதான் சொல்வோம். கங்காணியிடம் என்ன பொய் சொன்னாரோ தெரியாது.

விடியுமுன்னே சின்னம்மா ஓடைக்கு இறங்கி இந்தச் செம்பை நிறைத்து வந்தாள். வாத்தியார் வேடிக்கையாகச் சொன்னதை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தாள். இரத்தோட்டை பஸ்ஸில் மாத்தளைக்கு வந்து, அங்கே பஸ் மாறி, அலுவிகாரையைத் தாண்டி, வளைவுக்கு வளைவு அலைக்கழிந்து போனோம். வழி நெடுகிலும் அவள் செம்பின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டே வந்தாள். உறங்கி விழுந்தபோதும் கை எடுபடவில்லை. மலைகள் தாழ்ந்து, காற்று சூடாகி, தேயிலை மறைந்து வயலும் கத்தரிப் பாத்திகளும் வந்தபோது, மேட்டைத் தாண்டிவிட்டோம் என்று என் காதில் சொன்னாள்.

கலேவெலைச் சந்தையில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில் அம்மா வழி கேட்டார். எதற்கு என்று அவர் கேட்க, அம்மா வெட்கத்தோடு விஷயத்தைச் சொன்னார்.

"எங்கட ஓயாத் தண்ணி பாஸ்போட் இல்லாம இந்தியாவுக்குப் போகுதா? எனக்கு இவ்வளவு நாளும் தெரியாமப் போச்சே தங்கச்சி" என்றார் அவர். ஆனால் சின்னம்மாவின் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தி, வாழைக்குலை தொங்கிய பக்கமாகப் போய் ஒரு மட்டையைச் சீவிக் கொடுத்தார். "இதுல வைங்க மகள், வெளக்கு சாயாது."

ஓயாவைக் கண்டதும் கரையிலேயே நின்றுவிட்டோம். எங்கள் மலையில் தென்மேற்குக் காற்றின் சாரல் விட்டபாடில்லை. அங்கோ அதே ஆடியில் ஓயா வறண்டு, மணலும் கல்லுமாகக் கிடந்தது. நடுவில் மட்டும் விரல் ஆழத்தில் ஒரு கசிவு ஊர்ந்துகொண்டிருந்தது. மேட்டின் இரண்டு பக்கத்துக்கும் மழை வேறு, பருவம் வேறு என்பதை நாங்கள் இன்னும் படித்திருக்கவில்லை. விளக்கை வைத்த மட்டை நகராமல் நின்றது. சின்னம்மா மண்டியிட்டு, செம்புத் தண்ணீரை அதன் பின்னால் சிறிது சிறிதாக ஊற்றினாள். எங்கள் ஓடையின் தண்ணீர் அந்த மட்டையைத் தூக்கியது. ஒரு பாறையைச் சுற்றி, நாணற்புதருக்குள் அது போவது வரை பார்த்தோம். செம்பு காலியான கணத்தில் அவள் கைகள் தளர்ந்தன. அது கல்லில் விழுந்து நசுங்கியது. அம்மா குனிந்து அதை எடுத்துக்கொண்டார். திரும்பும் வழியில், முதலாளி கொடுத்தனுப்பிய வாழைப்பழங்களை அவள் ஒவ்வொன்றாகத் தின்று முடித்தாள்.

பிறகு காலம் தன் வேலையைச் செய்தது. அவளுக்கு மணமான ஆண்டில் தாத்தா அக்கரையில் காலமான செய்தி வந்தது. இரண்டு அரசுகள் பேசி முடித்த ஒப்பந்தத்தின்படி, அவள் கணவர் வீட்டாருக்கு இந்தியப் பாஸ்போட் கிடைத்தது. எங்களுக்கு இலங்கைப் பிரசாவுரிமை. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், மாத்தளை ரயில் நிலையத்தில், தகரப்பெட்டிகளுக்கும் சாக்குமூட்டைகளுக்கும் நடுவே அவள் நின்றாள். தலைமன்னார் வரை ரயில், அதன்பின் கப்பல். அப்பா இல்லாத அப்பாவின் ஊருக்குப் போகிறாள். அம்மா அவளுடைய கைப்பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, அங்கே தண்ணீருக்குக் கஷ்டப்பட வேண்டிவரும், ஊரில் ஆறு கிடையாது, வெறும் கண்மாய்தான் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். காவேரி அங்கிருந்து எட்டாத தொலைவு என்றும், தன் சிறுவயதில் தாத்தாவே அதைச் சொல்லியிருக்கிறார் என்றும் சொன்னார்.

சின்னம்மா அம்மாவையே பார்த்தாள். "இது தெரிஞ்சேதானா அன்னைக்குக் கலேவெலைக்குக் கூட்டிக்கிட்டுப் போனீங்க? எதுக்குக்கா?"

அம்மா பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். "நீ சோறு திங்கலையே" என்றார்.

ரயில் புறப்படும் நேரத்தில், சின்னம்மா துணிமூட்டையை அவிழ்த்து இந்தச் செம்பை எடுத்து என் கையில் வைத்தாள். அவளுடைய சீராகக் கொண்டுபோன செம்பு அது. கண்மாய்த் தண்ணீர் எங்கேயும் போகாதுடி, நீ இங்கிருந்து ஊற்று, நான் அங்கே இருக்கிறேன் என்றாள். சன்னலுக்குள் நின்ற அவள் முகத்தை நான் கண்டது அதுவே கடைசி. சில ஆண்டுகள் கடிதம் வந்தது. பின்னர் வரவில்லை.

அன்றுமுதல் ஆடிதோறும் ஓடைத் தண்ணீரைச் செம்பில் எடுத்துக்கொண்டு கலேவெலைக்குப் போய்வந்தேன். அவள் போன சில ஆண்டுகளில், நாவுலைக்குப் பக்கத்தில் ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே போன தண்ணீரில் ஒரு பங்கை மேட்டுக்கு அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். அதை நான் வெகுகாலம் கருத்தில் கொள்ளவில்லை. அண்மையில் பேத்தியின் புவியியல் புத்தகத்தில் அந்தச் சுரங்கத்தைப் புள்ளிக்கோடாகப் போட்டிருப்பதைப் பார்த்தபோதுதான், விரலால் தொட்டுத் தொட்டு வழி பிடித்தேன். எங்கள் ஓடை, அம்பன் கங்கை, அணை, சுரங்கம், கலாவாவி, மேற்குக் கடல். ஒரு சிறுபெண் செம்பில் செய்ததை ஒரு நாடு மலையைத் துளைத்துச் செய்திருக்கிறது. லயத்துப் பெண்கள் நம்பியபடியே எங்கள் ஓடை இப்போது இந்தியாவின் திசைக்குப் போகிறது. சின்னம்மாவிடம் இதைச் சொல்ல வழியில்லை.

இந்த ஆடியில், முழங்கால் வலியோடு, இரத்தோட்டை பஸ் ஏறிப் பழைய ஓடைக்குப் போனேன். லயங்களில் பாதி இல்லை, ஓடை இருக்கிறது. செம்பை நிறைத்தேன். இனித் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை என்பது நினைவுக்கு வர, அவள் பெயரைச் சொல்லி அங்கேயே ஊற்றினேன். பாதையில் ஏறிவந்து, பஸ்ஸில் உட்கார்ந்து, வெகுதூரம் வந்த பிறகுதான் கவனித்தேன்: ஒன்றுமில்லாத செம்பின் வாயை என் உள்ளங்கை அழுந்த மூடியிருந்தது, பெருவிரல் அந்தப் பள்ளத்தில் இருந்தது. வீடு வரும்வரை நான் கையை எடுக்கவில்லை.